யவனத் தேறலும் கரிசல் பனையும்

புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரனார், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் மகிழ்ந்திருப்பாயாக என்பது வாழ்த்தின் சாரம். வரலாற்றாசிரியர்கள் இவ்விடத்தைக் கடல் வணிகத்துக்கான சான்றாக எடுத்துக்கொண்டு மேலே நடந்துவிடுகிறார்கள். எனக்கோ வேறொன்றைக் கேட்கத் தோன்றுகிறது. அந்தத் தேறல் எப்படி இருந்திருக்கும்?

1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது கிடைத்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்களில் பல, ஏகியன் கடலிலுள்ள கோஸ் தீவின் வகையைச் சேர்ந்தவை. பாண்டி நாட்டின் அழகன்குளத்திலும் இத்தகைய சாடித் துண்டுகள் கிடைத்துள்ளன. கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பது அக்கால வழக்கம். சாடியின் உட்புறம் கசியாமலிருக்க மரப்பிசின் பூசுவார்கள். ஆகவே நன்மாறனின் கிண்ணத்தில் இருந்தது அவ்வகை ஒயின் என்றால், அதில் சிறிது உப்பும் சிறிது பிசின் வாசமும் கலந்திருக்கும். கி.பி. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழிக் கையேடு, முசிறிக்கும் பாண்டியர் துறையான நெல்கிண்டாவுக்கும் வந்த சரக்குகளில் ஒயினையும் சேர்த்து, 'அதிகமில்லை' என்று குறித்துக்கொள்கிறது. அரசர்க்கும் செல்வர்க்கும் மட்டுமே எட்டிய பண்டம்.

அதே உரோமர்கள் வடக்கே, இன்றைய ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரைக்கும் போனார்கள். அங்கே சாடியோடு நிற்கவில்லை, கொடியும் சென்றது. நொய்மாகன் என்ற ஊரில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 220ஐச் சேர்ந்த கல்லறைச் சிற்பம், ஒயின் பீப்பாய்களை ஏற்றிய படகு ஒன்றைக் காட்டுகிறது. நான்காம் நூற்றாண்டில் அவுசோனியஸ் என்ற இலத்தீன் கவிஞர் அந்த ஆற்றைப் பற்றி நெடும்பாட்டே எழுதினார். ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சையின் பெயர் 1435ஆம் ஆண்டின் ஒரு கணக்கேட்டில் முதன்முதலாகத் தென்படுகிறது. கணக்கேட்டில் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்நாட்டு ஒயினின் வரலாறு பெரும்பாலும் குறிப்பெழுதியவர்களின் வரலாறு. 1775இல் யொஹானிஸ்பெர்க் மடத்துக்கு அறுவடை அனுமதி கொண்டுவர வேண்டிய தூதன் சில வாரங்கள் தாமதித்தானாம். அழுகத் தொடங்கிய பழத்திலிருந்து அதுவரை காணாத இன்சுவை பிறந்தது என்பார்கள். கதையில் எவ்வளவு உண்மையோ, ஆண்டு மட்டும் தவறாமல் சொல்லப்படுகிறது.

இந்த ஆண்டுக்கணக்குதான் அண்மைய ஜெர்மானிய, ஆஸ்திரிய வெள்ளை ஒயின்களைச் சுவைப்பதன் உயிர். 2018 கடும் வெயில் ஆண்டு, ஒயின்கள் பருத்தும் கனிந்தும் இருந்தன. 2021 குளிர்ந்து நனைந்த ஆண்டு, எலுமிச்சை கடித்தாற்போன்ற கூரிய புளிப்பு. 2019இன் பனிக்காலமோ மிகவும் மிதமானது. கொடியிலேயே உறைந்த பழத்தைப் பிழிந்து செய்யும் ஐஸ்வைன் அந்த அறுவடையில் ஜெர்மனி எங்கும் கிடைக்கவில்லை. வானிலை அறிக்கையை நாவால் வாசிப்பது போலத்தான். ஆஸ்திரியாவின் குரூனர் வெல்ட்லீனரில் வெண்மிளகின் வாசம் உண்டு என்கிறார்கள். மிளகு விற்ற நாட்டாருக்கு அது வேடிக்கையாகத் தோன்றலாம். 1985இல் அந்நாட்டு வணிகர் சிலர் ஒயினில் டைஎதிலீன் கிளைக்கால் கலந்து பிடிபட்டனர். ஏற்றுமதி சரிந்தது. அதே ஆண்டு கடுமையான சட்டம் வந்தது. அரசு ஒயினைத் தடை செய்யவில்லை, அதைக் கண்காணித்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வரலாம்.

சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் சந்நிதியின் பிரசாதம் புற்றுமண். நெற்றியில் இட்டுக்கொள்வோரும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வோரும் உண்டு. மோசலின் பலகைக்கல் மண்தான் ரீஸ்லிங்கின் சுவை என்று ஒருவர் வாதிட்டால், இவ்வூராருக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் கரிசல், கண்மாய்க் கரைகளில் பனை. பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், தடவாவிட்டால் காற்றிலுள்ள நுரைமம் புகுந்து சில மணி நேரத்தில் கள். காலையில் இனிப்பு, உச்சிப்பொழுதில் காரம், மறுநாள் புளிப்பு. மோசலில் ஆண்டுகளைக் கொண்டு அளப்பதை இங்கே நாழிகைகளைக் கொண்டு அளந்தார்கள். ஆண்பனைக் கள்ளுக்கும் பெண்பனைக் கள்ளுக்கும் சுவை வேறு என்பதைப் பனையேறிகள் அறிவார்கள்.

முதிர்வைப் போற்றுவதும் நமக்குப் புதிதன்று. பறம்பு நாட்டில் மண்ணில் புதைத்து முதிரவைத்த மதுவைக் கபிலர் (புறம் 120) சொல்கிறார். நாள்பட்ட தேறலின் வேகத்துக்கு ஔவையார் (புறம் 392) தேள்கடியை உவமையாக்குகிறார். திருமுருகாற்றுப்படையில் குறவர்கள் நீண்ட மூங்கில் குழாயில் விளைந்த தேன்கள்ளைப் பருகுகிறார்கள். தேறல், நறவு, பிழி, மட்டு, அரியல், தோப்பி என்று தனித்தனிப் பெயர்கள் வேறு. இவை வெறும் ஒருபொருட் பன்மொழி என்று அகராதிக்காரர்கள் ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். சுவைத்து வேறுபடுத்தியவன்தான் இத்தனை பெயர் வைப்பான்.

பின்னர் வந்த ஆட்சிகளுக்குப் பனை ஒரு வரியினமாகத் தெரிந்தது. 1886இன் சென்னை ஆப்காரிச் சட்டம் கள்ளை உரிமத்துக்குள் அடைத்தது. 1937இல் இராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்தது, 1974இல் இறுகியது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1987இல் கள் விலக்கப்பட்டது. அந்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. குடியால் அழிந்த குடும்பங்களை நான் அறியாதவனல்லன், மதுவிலக்கின் நோக்கத்தைப் பழிக்கவும் இல்லை. ஆனால் 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே நடத்துகிறது. அதன் உயர்ரகக் கடைகளில் அயல்நாட்டு ஒயின் சட்டப்படி கிடைக்கும். நக்கீரனாரின் பாண்டியனுக்கு யவனத் தேறலும் உண்டு, நாட்டுக் கள்ளும் உண்டு. நமக்கு முன்னது மட்டும்.

1961இல் இலண்டனில், 1540ஆம் ஆண்டு வூர்ட்ஸ்புர்க்கில் விளைந்த ஒரு வெள்ளை ஒயினைத் திறந்து சுவைத்தார்கள். காற்றுப்பட்டு அது மாறுவதற்குள் இரண்டு வாய்தான் கிடைத்ததாம். அந்த இரண்டு வாய்க்கும் எழுத்துச் சான்று உண்டு. சங்கரன்கோவில் வட்டாரத்தின் கண்மாய்க் கரைப் பனைகளில் கோடைதோறும் பதநீர் இறங்குகிறது. கலயத்தில் சுண்ணாம்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கு.