ஊர்க்காவலும் கைரேகையும்

திருச்சியில் மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்று இரு சாலைகள் உண்டு. புலிக்கும் அவற்றுக்கும் எத்தொடர்பும் இல்லை. 'பூல்வார்' என்னும் பிரெஞ்சுச் சொல், ஆங்கிலேயர் வாய்வழி வந்து, நம்மவர் நாவில் புலியாயிற்று. அச்சொல்லின் பழம்பொருள் கோட்டை அரண். பொருத்தமான பெயர்தான்! மலைக்கோட்டையைச் சூழ்ந்து நின்ற மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, 19-ஆம் நூற்றாண்டில் அமைத்த சாலைகள் அவை. மெயின்கார்டு கேட் என்று நாம் அழைக்கும் வாயில், அந்த மதிலின் மிச்சம்.

காவிரிக்கு அப்பால் திருவரங்கமோ ஏழு சுற்று மதிலுக்குள்ளேயே குடியிருந்த ஊர். ஊரைக் காக்கக் கல்லை நம்பிய காலம் அது. மதில் பகைவனைத் தடுக்கும். கூட்டத்தோடு கூட்டமாக வந்து மடியில் கைவைக்கும் முடிச்சவிழ்க்கியைத் தடுக்குமா? தடுக்காது. எனவே மதிலுக்கு உள்ளும் புறமும் ஆட்காவல் தேவைப்பட்டது.

அந்த ஆட்காவலுக்குப் பெயர் பாடிகாவல். ஊரார் விளைச்சலில் ஒரு பங்கை அளப்பர்; காவற்காரர் களவு நேராமல் காப்பர்; நேர்ந்தால் பொருளை மீட்டுத் தருவர், மீட்க முடியாவிட்டால் ஈடு கட்டுவர். இதைப் பொற்காலம் என்று நாம் புகழ மாட்டோம். காவற்கூலி தராத வீட்டில் மாடு காணாமற் போவதும், 'துப்புக்கூலி' தந்தவுடன் அது திரும்பி வருவதும் நடந்தன. வேலியே பயிரை மேய்ந்த கதை! எனினும் அந்த முறையில் ஒன்று இருந்தது: தெருவைக் காப்பவனைத் தெரு அறியும், தெருவை அவனும் அறிவான்.

கும்பெனியார் அந்த உரிமையைப் பறித்தனர். 1859-இல் சென்னை மாகாணத்துக்கெனப் போலீஸ் சட்டம் பிறந்தது. காவலையே தொழிலாகக் கொண்டிருந்தவர் கையில் கோலுமில்லை, கூலியுமில்லை. பிழைப்பிழந்தவர்க்கு மாற்றுப் பிழைப்புத் தந்தனரா? தரவில்லை. பட்டம் ஒன்று தந்தனர் — 'குற்றப் பரம்பரை'!

1871-இல் வடபுலத்தில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தம் பெற்றுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம். கள்ளர், மறவர், குறவர் என இன்ன குலத்தில் பிறந்தான் என்பதே போதும். அவன் பத்து விரலும் மையில் தோய வேண்டும். இரவில் காவல் நிலையத்துக்குச் சென்று முகம் காட்ட வேண்டும். அடுத்த ஊருக்குப் போகச் சீட்டு வேண்டும். நீ என்ன செய்தாய் என்று சட்டம் கேட்கவில்லை. உன் தந்தை யார் என்று கேட்டது. எங்கோ கேட்ட குரலாக இல்லையா, தோழர்களே? பிறப்பைப் பார்த்து ஒருவனை உயர்ந்தவன் என்ற வருணத்தின் குரல்தான் இது. இம்முறை ஆங்கிலத்தில் பேசிற்று! மனுவின் ஏட்டில் கண்டதை மெக்காலே வழிவந்தவர் அரசிதழில் அச்சிட்டனர்; அவ்வளவே வேறுபாடு.

1920 ஏப்ரல் 3-ஆம் நாள் மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த மக்கள்மீது துப்பாக்கி வெடித்தது. பெண் ஒருத்தி உட்படப் பதினாறுக்குக் குறையாத உயிர்கள் மாண்டன. களவு நடந்த ஊரன்று அது; கைநீட்ட மறுத்த ஊர்.

இந்தக் கொடுமைக்கு வயது அதிகம். சிலப்பதிகாரக் கோவலன் அரங்கத்தையும் உறையூரையும் கடந்துதானே மதுரைக்கு நடந்தான்? அங்கே கொலைக்களத்துக் காவலர் அவன் தோற்றத்தைக் கண்டு, இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் கள்வரின் சூழ்ச்சிகளைப் பற்றி நீண்ட பாடம் நடத்துகிறான். சான்று ஒன்றும் இல்லை, பாடம் மட்டுமே உண்டு. அறிவற்ற ஒருவன் வாளை வீசுகிறான். கோவலனுக்காவது நீதி கேட்கக் கண்ணகி இருந்தாள். கைரேகைப் பதிவேட்டில் ஏறிய பல்லாயிரவர்க்கு யார் இருந்தனர்?

போராட்டத்தின் பின் 1947-இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1952 ஆகஸ்ட் 31-இல் நாடு முழுவதும் நீங்கியது. ஆனால் 1948-இலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் சென்னையில் வந்துவிட்டது. வாடை மாறியது, வாசல் மாறவில்லை.

ஊரை வேறு வழியில் காக்க முடியுமா? முடியும் என்று காட்டியதும் திருச்சிதான். மாநகராட்சி 1994-இல் பிறந்தது. திருவரங்கமும் பொன்மலையும் அதில் இணைந்தன. 1998 பிப்ரவரியில் கோவையில் குண்டுகள் வெடித்து, தமிழ்நாட்டு நகரங்களெல்லாம் ஒருவரை ஒருவர் ஐயத்தோடு நோக்கிய காலம். அதற்கு அடுத்த ஆண்டு திருச்சியின் காவல் ஆணையராக வந்த ஜே.கே. திரிபாதி, நகரை ஐம்பதுக்கும் மேற்பட்ட சரகங்களாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் அதே காவலர் சிலரை நிலையாக நிறுத்தினார். ஸ்டேஷன் வாசலை மிதிக்க அஞ்சும் பெண்ணும் எழுதிப் போடத் தெருக்களில் புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பெயர் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குடிசைப் பகுதிகள் சிலவற்றைக் காவல்துறையே தத்தெடுத்தது. குற்றவாளியின் ஊற்று அங்கேதான் என்று தடியோடு நுழைந்த துறை, குழாயும் படிப்பும் வேலையும் அங்கே இல்லையே என்று கேட்கத் தொடங்கியது.

புதுமை என்று வியக்க வேண்டியதில்லை. ஜப்பானில் 'கோபன்' எனப்படும் சிறு காவற்கூடங்கள் தெருவோடு தெருவாக நிற்கின்றன. அங்குள்ள காவலன் அக்கம்பக்கத்தை அறிவான். பாடிகாவலில் இருந்த ஒரே நல்ல கூறும் அதுதான். கூலிப் பங்கும் குலப்பெயரும் இன்றி அதை மீட்டது திருச்சியின் சிறப்பு. அம்முயற்சிக்குப் பின்னாளில் பிரதமரின் விருதும் கிடைத்தது. பெட்டி வைத்தவுடன் காந்தி மார்க்கெட்டில் களவு ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து படிக்க ஒருவன் நாள்தோறும் வரவேண்டும். வராத நாளில் அது வெறும் தகரம்.

ஆனால் கைரேகையின் கறை இன்னும் உலரவில்லை. திருச்சிக்கு அருகே ராம்ஜி நகர் என்றோர் ஊர் உண்டு. எந்த மாநிலத்திலேனும் கவனத்தைத் திருப்பிப் பணப்பை பறித்தவன் பிடிபட்டால், 'ராம்ஜி நகர் கும்பல்' என்று செய்தித்தாள் தலைப்பிடுகிறது. திருடியவன் பெயரைப் போடட்டும், வேண்டாம் என்பார் இல்லை. ஊரின் பெயரை ஏன் போடுகிறார்கள்? அவ்வூரில் பிறந்து, பத்தாம் வகுப்புத் தேறி, வேலைக்கு மனு எழுதும் பிள்ளை, முகவரி என்ற இடத்துக்கு வரும்போது பேனாவைச் சற்று நிறுத்தமாட்டானா? பள்ளியில் பாடம் சொல்லும் நாம் அந்தப் பேனாவைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம்.

2024 அக்டோபர் 3-ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பகிர்வது செல்லாது என்றது. சீர்மரபினரைக் காரணமின்றிக் கைது செய்யலாகாது என்று காவல்துறைக்கு நினைவூட்டியது. சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிக் கட்டத்தை நீக்கச் சொன்னது. குற்றப் பரம்பரைச் சட்டம் நாடெங்கும் நீங்கி 72 ஆண்டுகள் ஆன பின்னும் அந்தக் கட்டம் அங்கே இருந்திருக்கிறது!