பாலும் பேரமும்: கைரா மாவட்டத்து வரலாறு

நெல்லைக் களஞ்சியத்திலிட்டு விலையேறும்வரை காத்திருக்கலாம். கறந்த பாலோ ஒரு பகலும் காத்திராது. ஓரிரு எருமை வளர்ப்போன் விலைபேச இயலாமைக்குக் காரணம் இதுவே.

இன்றைய குஜராத்திலுள்ள கைரா மாவட்டத்துப் பாலைப் பம்பாய்க்கு அனுப்பும் தனியுரிமையை 1945இல் மாகாண அரசாங்கம் ஒரு தனியார் நிறுவனத்துக்கு அளித்தது. வாங்குவோன் ஒருவனேயாதலின் அவன் வைத்ததே விலையாயிற்று. வல்லபாய் படேலின் அறிவுரைப்படி, 1946 சனவரியில் சமர்க்கா என்னும் ஊரிற் கூடிய உழவர், அந்நிறுவனத்துக்குப் பால் விற்க மறுத்தனர். 15 நாட்களின்பின் அரசாங்கம் இணங்கிற்று. அவ்வாண்டு டிசெம்பரிற் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. 1955இல் அச்சங்கம் எருமைப்பாலைப் பொடியாக்கும் ஆலையையும் நிறுவிற்று. குளிர்காலத்து மிகுபால் இனி வீணாகவில்லை.

ஒற்றுமை உழவனுக்குப் பேரம்பேசும் வலிமையை அளித்தது. பாலைக் காத்துவைக்கும் ஆலையே அவ்வலிமையை நிலைபெறச் செய்தது.