லேசருக்கு முன்னால் ஒரு எக்ஸ்றே இருந்தது

கர்ப்பமாக இருக்கேக்க லேசரால் முடி எடுக்கலாமா எண்டு கேட்டால் வழக்கமாக வரும் பதில், "பிள்ளை பிறக்கட்டும், பிறகு பாப்பம்." ஏன் எண்டு ஒருத்தரும் பெரிசா விளக்கிறேல்லை. அந்தப் பதிலுக்குப் பின்னால் நூறு வருசக் கதை ஒன்று இருக்கிறது.

1895இல் எக்ஸ்றே கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த வருசமே வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ரொய்ன்ட் என்ற மருத்துவர் அதைக் கொண்டு ஒரு சிறுமியின் உடலில் இருந்த முடியை உதிர வைத்தார். 1920களில் அமெரிக்காவில் 'ட்ரைக்கோ' என்ற பெயரில் அது அழகு வியாபாரமானது. வலியில்லை எண்டு நம்பித்தான் பெண்கள் போனார்கள். வருசங்கள் கழித்துத் தோல் சுருங்கியது, புண் வந்தது, சிலருக்குப் புற்றுநோயும் வந்தது.

கருவில் இருக்கும் பிள்ளைக்கு? 1950களில் ஒக்ஸ்போர்டில் அலிஸ் ஸ்டுவர்ட், புற்றுநோயால் இறந்த பிள்ளைகளின் தாய்மாரிடமே கேட்டுப் பார்த்தார். கர்ப்பத்தில் வயிற்றில் எக்ஸ்றே எடுத்திருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரியவந்தது. மருத்துவ உலகம் அதைக் கனகாலம் ஏற்கவில்லை.

1960இல் பிறந்த லேசர் வேறு சாதி. எக்ஸ்றே உடலை ஊடுருவி மரபணுவைச் சேதப்படுத்தும். முடி எடுக்கும் லேசரின் ஒளியோ சில மில்லிமீற்றர் ஆழத்தோடு நின்றுவிடும். கருப்பை வரை போகாது. இரண்டையும் 'கதிர்' எண்டு ஒரே சாக்கில் போட்டுக் கட்டேலாது.

அப்ப ஏன் வேண்டாம் என்கிறார்கள்? கர்ப்பிணிகளிடம் முறையாக ஆராயவில்லை, அதுதான். தலிடோமைட் மருந்தால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஊனமாகப் பிறந்த பிறகு எல்லோருக்கும் பயம். 1977இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பிள்ளை பெறக்கூடிய பெண்களையே மருந்துப் பரிசோதனைகளின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்றது. 1993இல்தான் அதை மாற்றியது. பாதுகாக்கப் போய், பெண்களின் உடலைப் பற்றிய அறிவே குறைந்துபோனது.

தள்ளிப்போட வேறு நியாயமும் உண்டு. கர்ப்பத்தில் ஓமோனால் முகத்தில் படரும் கருமை பலருக்குப் பிரசவத்தின் பின் தானாக மங்கும். எங்கட மாதிரி நிறத் தோலில் லேசர்ச் சூடு பட்டால் அது இன்னும் கறுக்கவும் கூடும்.

அன்றைக்கு 'தீங்கு தெரியவில்லை' என்பதைப் 'பாதுகாப்பு' எண்டு விற்றார்கள். இன்றைக்கு 'ஆராயவில்லை' என்பதை நாங்கள் 'ஆபத்து' எண்டு மாத்திக் கதைக்கக்கூடாது. கர்ப்பம் எண்டு தெரிய முதல் லேசர் செய்துவிட்டுப் பயந்து அழுகிற ஒரு அக்காவுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: அந்த ஒளி பிள்ளையைத் தொட்டிருக்காது. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லுங்கோ. மிச்சத்தைப் பிறகு செய்யலாம்.