மாயத் திசைகாட்டி

மாயத் திசைகாட்டி என்பது கடற்கொள்ளைச் சாகசக் கதைகளில் வரும் ஒரு கருவி. வடக்கைக் காட்டாமல், அதை ஏந்தியவர் மனம் நாடும் இடத்தைக் காட்டும். இதை உலகறியச் செய்தவை ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ திரைப்படங்கள். 2003இல் வெளிவந்த முதல் படத்தில், கடற்கொள்ளையன் ஜாக் ஸ்பாரோவின் திசைகாட்டி பிறர் கண்ணுக்குப் பழுதான பொருளாகவே படுகிறது. அதன் இயல்பை 2006இல் வந்த இரண்டாம் படம் விளக்குகிறது: தனக்கு எது வேண்டும் என்று ஜாக்குக்கே தெளிவில்லாதபோது முள் நிலைகொள்ளாமல் சுழல்கிறது. 2007இல் வந்த மூன்றாம் படம் கதையைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அத்தீவு ஜொகூர் சுல்தானகத்தைச் சேர்ந்தது. ஆகவே இக்கருவியின் வரலாற்றை ஜொகூர்க் கடலோடு வைத்துப் பார்ப்பது பொருந்தும். அப்படிப் பார்த்தால், கதை மாயம் என்று சொல்வதை இந்தக் கடல்களில் மாலுமிகளின் பயிற்சியே செய்துவந்தது புலப்படும்.

இதற்கு முதற்சான்று, தமிழில் இராப்பலகை என்றும் அரபு மொழியில் கமால் என்றும் வழங்கும் கருவி. சிறிய மரப்பலகை, அதன் நடுவில் கோத்த கயிறு, கயிற்றில் முடிச்சுகள், அவ்வளவுதான். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கயிறு விறைக்கும்படி பலகையைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடிப்பார்கள். கீழ் விளிம்பு தொடுவானத்திலும் மேல் விளிம்பு துருவ விண்மீனிலும் பொருந்தினால், அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் அகலாங்குக்குக் கப்பல் வந்துவிட்டது என்று பொருள். பிறகு அதே உயரம் மாறாமல் கிழக்கிலோ மேற்கிலோ ஓட்டினால் ஊர் வந்துசேரும். சோழமண்டலக் கரை மாலுமிகள் இவ்வாறு முடிச்சிட்ட பலகையைப் பயன்படுத்தியதைக் காங்கிரீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1850இல் சென்னையில் வெளியான ஆய்விதழில் பதிவுசெய்தார். சேர வேண்டிய ஊரையே நினைவில் வைத்திருக்கும் கருவி இது. ஆனால் எந்த முடிச்சு எந்த ஊருக்கு என்று அறியாதவர் கையில் அது வெறும் மரத்துண்டு.

ஜொகூர் பாரு ஏறத்தாழ 1.5 பாகை வட அகலாங்கில் இருக்கிறது, அங்கே துருவ விண்மீன் தொடுவானத்தை ஒட்டிக் கிடக்குமே, இராப்பலகை எப்படி உதவும் என்ற கேள்வி எழலாம். கேள்வி நியாயமானது. தென்பகுதிகளுக்கு வேறு விண்மீன்களின் உயரத்தை அளக்கும் முறையை இபின் மஜீத், சுலைமான் அல் மஹ்ரி போன்ற அரபு மாலுமிகள் எழுதிவைத்தனர். ஆனால் சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழைந்தபின் எந்த விண்மீனும் போதாது. பாறைகளும் நீரோட்டமும் அறிந்தவர் வேண்டும். ஆங்கிலேயர் கடற்கொள்ளையர் என்று குறித்த ஓராங் லாவுட் என்னும் கடல்வாழ் மக்களே ஜொகூர் ஆட்சியாளருக்கு வழிகாட்டியும் காவலும் ஆனவர்கள். மலாக்காவின் கடல் சட்டம் கப்பலை ஓர் அரசாகவே காண்கிறது: கப்பல் தலைவரான நக்கோடா அரசர், சுக்கான் பிடிப்பவர் பெண்டஹாரா (முதலமைச்சர்), ஆழம் பார்க்கும் ஜுருபத்து தெமெங்கோங் (காவல் தலைவர்). அறிந்தவருக்குத் தரப்பட்ட மதிப்பு இதில் தெரிகிறது. நீரிணையின் கிழக்கு வாயிலில் பெட்ரா பிராங்கா பாறைமேல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் எழுந்தது 1851இல்தான். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் கப்பல்கள் அந்தப் பாறையைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தன.

திரைக்கதை ஆசிரியர்கள் இராப்பலகையைப் பார்த்தா எழுதினார்கள் என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. இங்கே அப்படி வாதிடவும் இல்லை. ஒப்புமை அமைப்பில் இருக்கிறது: இரண்டிலும் சேருமிடம் முதலில் தெளிவாக வேண்டும், இரண்டும் ஏந்துபவரையே நம்பியிருக்கின்றன. வேறுபாடும் உண்டு. கதையில் வழியைத் தருவது ஒரு சூனியக்காரியிடம் பண்டமாற்றாகப் பெற்ற பொருள். இந்தக் கடல்களில் வழியைத் தந்தது தலைமுறைகள் கற்றுக் கைமாற்றிய அறிவு. கருவியைப் புகழ்ந்து மாலுமியை மறக்கும் கதையைவிட, கருவியில் மாலுமியின் அறிவைக் காணும் வரலாறே உண்மைக்கு நெருக்கமானது. மாயத் திசைகாட்டியைப் பற்றி எழுதும் எந்தக் கலைக்களஞ்சியமும் இராப்பலகைக்கும் ஓராங் லாவுட் மக்களுக்கும் இடம் தர வேண்டும்.