கடிக்காதீர்கள், ப்ளீஸ்!

2000-ம் வருடம். ஜிம்மி வேல்ஸ் என்ற அமெரிக்கர் இணையத்தில் ‘நுபீடியா’ என்றொரு கலைக்களஞ்சியம் தொடங்கினார். எழுதுவதை நிபுணர்கள் ஏழு கட்டமாகச் சோதிப்பார்கள். நிதியியல் படித்த வேல்ஸே ஒருநாள், நோபல் பொருளாதார நிபுணர் ராபர்ட் மெர்ட்டன் பற்றி எழுத உட்கார்ந்தார். பேராசிரியர்கள் திருத்துவார்களே என்று நினைத்ததும் மறுபடி மாணவனாகிவிட்ட மாதிரி உதறல்! முதலாளிக்கே இந்தக் கதி என்றால், புதுசாக வருகிறவர் என்ன ஆவார், சொல்லுங்கள்? முதல் வருடத்தில் தேறியவை சுமார் இருபது கட்டுரைகள்தான்.

2001 ஜனவரியில் விக்கிபீடியா வந்தது. யாரும் எழுதலாம், தப்பிருந்தால் அடுத்தவர் திருத்துவார். ஒரே வருடத்தில் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. பிற்பாடு அங்கே எழுதி வைத்த நெறிகளில் ஒன்று: ‘புதியவர்களைக் கடிக்காதீர்கள்!’

உங்களிடமும் யாராவது தயங்கித் தயங்கி வந்தால், ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவதில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அவர் தப்பு செய்தால் திருத்துங்கள், திட்டாதீர்கள். திட்டு வாங்கினவர் திரும்பி வரமாட்டார்.