இந்தியன் டர்ஃப் இன்விடேஷன் கோப்பை

தாரோபிரெட் இனக் குதிரைகளுக்கான இந்தியாவின் தேசிய சாம்பியன் பந்தயம். 1963இல் தொடங்கியது. தூரம் 2400 மீட்டர். மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை ஆகியவை முறைவைத்து நடத்தி வந்தன. 1200 மீட்டர் ஸ்பிரின்டர்ஸ் கோப்பை, 1600 மீட்டர் சூப்பர் மைல் கோப்பை, நெடுந்தூரத்துக்கான ஸ்டேயர்ஸ் கோப்பை ஆகியவை பின்னர் இதனுடன் சேர்ந்தன.

சென்னையின் பந்தயத் திடலான கிண்டி இருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரைக்குக் குதிரை புதிதல்ல. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, குதிரைகள் கப்பலில் வந்து இறங்கிய நீர்ப்பெயற்று என்ற பட்டினத்தைக் குறிக்கிறது. அதை மாமல்லபுரமாகக் கொள்ளும் அறிஞர்கள் உண்டு. தாரோபிரெட் இனமோ மிகப் பிந்தையது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மேற்காசியாவிலிருந்தும் அதை அடுத்த நாடுகளிலிருந்தும் இங்கிலாந்து சென்ற மூன்று ஆண் குதிரைகளே அதன் தந்தைவழி மூலம்.

கிண்டியில் பந்தயம் தொடங்கிய ஆண்டாக 1777 சொல்லப்படுகிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. கிண்டி அன்று செங்கல்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டை தாலுகாவைச் சேர்ந்தது. சுமார் 160 ஏக்கர் அரசு நிலம் 1945இல் கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா.

பிற மையங்களில் ஒன்றான மும்பையில் 1943இல் நடந்த முதல் இந்தியன் டெர்பியில் பரோடா மகாராஜாவின் பெண் குதிரை பிரின்சஸ் பியூட்டிஃபுல் வென்றது. இந்தியன் டெர்பி இருந்தும் ஒவ்வொரு மையமும் தனக்கெனக் கிளாசிக் எனும் முதன்மைப் பந்தயங்களை வைத்திருந்தது. சொந்தத் திடலில் வென்ற குதிரை பிற ஊர்க் குதிரைகளையும் வெல்லுமா என்பதற்கு விடை சொன்னது இன்விடேஷன் கோப்பைதான். அது ஊர் ஊராகச் சுற்றியதே அதன் நேர்மை. எந்த ஊர்க் குதிரைக்கும் பழகிய திடல் என்ற சலுகை நிலைக்கவில்லை. தமிழகத்திலிருந்து இந்தக் களத்தில் பெயர் பெற்ற உரிமையாளர் எம்.ஏ.எம். ராமசாமி.

தமிழகத்தில் குதிரைப் பந்தயத்தின் பிழைப்புக்கே 1974இல் ஆபத்து வந்தது. குதிரைப் பந்தயச் சூதாட்டத்தைத் தடுக்க தமிழக அரசு சட்டம் இயற்றியது. கிளப் நீதிமன்றம் சென்றது. 1986இல் கிளப்பையே கையகப்படுத்த இன்னொரு சட்டம் வந்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறன் ஆகியவற்றைச் சார்ந்த இப்பந்தயம் திறமை விளையாட்டு, சூதாட்டம் அன்று என உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் தீர்ப்பளித்து, 1986 சட்டத்தையும் ரத்து செய்தது. நாடு முழுவதும் குதிரைப் பந்தயத்துக்குச் சட்டக் காப்பு அந்தத் தீர்ப்புதான்; எந்தக் கோப்பை வெற்றியையும்விட அது பெரிது.

நிலத்தை அந்தத் தீர்ப்பு காக்கவில்லை. வாடகை பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று கூறி, 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து கிண்டித் திடலுக்குச் சீல் வைத்தது. கிளப் உயர் நீதிமன்றத்தை நாடியது. அந்த இடத்தில் வெள்ளநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டும் பணி தொடங்கியது.