தொங்கும் மாட்டுடல்

கொல்லப்பட்ட மிருகத்தைச் சித்திரப் பொருளாக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பழமையானதேயெனினும், அதற்கு மரணத்தின் கம்பீரத்தை அளித்தவர், தோலுரிக்கப்பட்டு மரச்சட்டத்தில் தொங்கும் எருதொன்றை 1655-ஆம் ஆண்டில் தீட்டிய டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் என்றே கருதுகிறேன்; பின்புறக் கதவிடுக்கில் எட்டிப்பார்க்கும் பணிப்பெண்ணின் முகம் அம்மாமிசத்தின் ஏகாந்தத்தை இன்னும் மிகுவிக்கிறது.

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள அப்படத்தில் உள்ளம் பறிகொடுத்த சாயிம் சூட்டின், பெலாரூஸ் சிற்றூர் ஒன்றில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்த ஓவியர். 1925-ஆம் ஆண்டளவில் முழு மாட்டுடல் ஒன்றைத் தம் சித்திரக்கூடத்திலேயே தொங்கவிட்டு, தசை உலர்ந்து நிறம் மங்குந்தோறும் வாளி வாளியாக இரத்தத்தை அதன்மேல் ஊற்றி, துர்நாற்றம் தாளாத அண்டை வீட்டார் முறையிட்டுச் சுகாதார அதிகாரிகள் வந்த பின்னும், தொடர்ந்து தீட்டினார் என்பர். நீலப் பின்னணியில் தீயென எரியும் அச்சிவப்பில் அருவருப்பை மட்டுமே காண்போர், அதிலுள்ள ஆறாத ஜீவகாருண்யத்தைக் காணத் தவறுகிறார்கள்.

பின்னர் 1946-இல் ஓவியர் பிரான்சிஸ் பேக்கன், குடையின் கீழ் அமர்ந்த மனிதன் ஒருவனுக்குப் பின்னே சிலுவையில் அறைந்ததுபோல் விரிந்த மாட்டுடலை வரைந்தார். இறைச்சிக் கடைக்குள் நுழையும்போதெல்லாம், அங்கே அவ்விலங்கின் இடத்தில் தாம் தொங்காதிருப்பதே தமக்கு ஆச்சரியமளிக்கிறது என்று அவர் பிற்காலத்தில் கூறியதுண்டு.